இரண்டு டிரான்சிஸ்டர், பதினோரு பாகம்: ஃபஸ் ஃபேஸ் பெடலை நீங்களே கட்ட முழு வழிகாட்டி

1966-ல் லண்டனில் ஐவர் ஆர்பிட்டரின் நிறுவனம், கிட்டார் ஒலியை உடைத்துக் கரகரப்பாக்கும் ஃபஸ் ஃபேஸ் என்ற பெடலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மைக் ஸ்டாண்டின் வட்ட அடித்தட்டைப் பார்த்து உருவான பெட்டி அது. திறந்தால் உள்ளே பெரும்பகுதி காலி இடம்தான். இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு கன்ட்ரோல். ஸ்விட்சையும் ஜாக்கையும் தவிர்த்தால் மொத்தம் பதினோரு பாகம்.

ஜிமி ஹென்ட்ரிக்ஸ் முதலில் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்ட ஃபஸ் ஃபேஸையும், பிறகு சிலிக்கான் போட்டதையும் வாசித்தார். பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர் 1970-களின் முற்பகுதியில் நம்பியிருந்தது பிசி108 என்ற டிரான்சிஸ்டர் போட்ட சிலிக்கான் ஃபஸ் ஃபேஸை. எரிக் ஜான்சன் பெயரில் டன்லப் நிறுவனம் விற்கும் ஃபஸ் ஃபேஸில் இருப்பது பிசி183. மூவரின் ஒலியும் மூன்று விதம், சர்க்யூட் மட்டும் ஒன்றே. வேறுபாடு டிரான்சிஸ்டரிலும், அதை எந்த வோல்டேஜில் நிறுத்துகிறோம் என்பதிலும், பெடலுக்கு முன்னால் என்ன செருகியிருக்கிறது என்பதிலும் இருக்கிறது. பாகங்களைப் பற்றவைப்பது ஒரு மதிய வேலை. நேரம் எடுக்கவேண்டியது இந்த மூன்றுக்கும்தான்.

இங்கே கட்டப்போவது சிலிக்கான் என்பிஎன் வகை, அதாவது பேட்டரியின் நெகட்டிவ் கிரவுண்டாக இருக்கும் வகை. பாகம் எளிதில் கிடைக்கும், வெயிலுக்கு அசையாது, மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் ஓடும். ஜெர்மானியம் பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்கிறோம். முதல் பெடலாக அதைக் கட்டவேண்டாம்.

வாங்கவேண்டியவை

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற எலக்ட்ரானிக்ஸ் சந்தையில் பெரும்பாலானவை ஒரே நடையில் கிடைக்கும். 3பிடிடி ஃபுட் ஸ்விட்சையும் (ஒரே மிதியில் மூன்று இணைப்பை மாற்றும் ஸ்விட்ச்) அலுமினியப் பெட்டியையும் மட்டும் ஆன்லைனில் தேடவேண்டியிருக்கலாம்.

- டிரான்சிஸ்டர்: பிசி108, பிசி109, பிசி547, பிசி549 இவற்றில் ஏதாவது ஒரு வகையில் ஐந்தாறு. விலை குறைவு, அளந்து பொறுக்கவேண்டும்.
- ரெசிஸ்டர், கால் வாட் மெட்டல் ஃபிலிம்: 33 கிலோ ஓம், 100 கிலோ ஓம், 330 ஓம், 1 கிலோ ஓம், 4.7 கிலோ ஓம், 2.2 மெகா ஓம், 100 ஓம். ஒவ்வொன்றிலும் இரண்டு.
- டிரிம்பாட்: 10 கிலோ ஓம், ஒன்று. மல்டி-டர்ன் கிடைத்தால் நல்லது.
- எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், 16 வோல்ட் அல்லது மேல்: 2.2 மைக்ரோ ஃபாரட், 22 மைக்ரோ ஃபாரட், 100 மைக்ரோ ஃபாரட்.
- ஃபிலிம் கெப்பாசிட்டர்: 0.01 மைக்ரோ ஃபாரட். மேலே 103 என்று அச்சிட்டிருக்கும்.
- செராமிக் கெப்பாசிட்டர்: 47 அல்லது 100 பிக்கோ ஃபாரட், ஒன்று.
- கன்ட்ரோல்: ஃபஸ்ஸுக்கு 1 கிலோ ஓம் லீனியர், வால்யூமுக்கு 500 கிலோ ஓம் லாக்.
- டயோடு: 1என்5817.
- 3பிடிடி ஸ்விட்ச், இரண்டு கால் இஞ்ச் ஜாக் (ஒன்று ஸ்டீரியோ, ஒன்று மோனோ), பிளாஸ்டிக் உடல் கொண்ட 2.1 மில்லிமீட்டர் டிசி ஜாக், சிவப்பு எல்இடி, 9 வோல்ட் பேட்டரி கிளிப், டாட் போர்டு (பாகங்களைப் பற்றவைக்கும் துளைப் பலகை), டிரான்சிஸ்டருக்கு சாக்கெட்.

டிசி ஜாக் பிளாஸ்டிக்காக இருப்பது அலங்காரத்துக்கு அல்ல. கிட்டார் பெடல் அடாப்டர்களில் நடு ஊசி நெகட்டிவ், வெளி வளையம் பாசிட்டிவ். பெட்டியோ கிரவுண்டு. உலோக உடல் ஜாக்கைப் பெட்டியில் முடுக்கினால் 9 வோல்ட் நேராக கிரவுண்டுக்குப் போய் ஷார்ட் ஆகும்.

ரெசிஸ்டரைக் கண்ணை நம்பி எடுக்காதீர்கள். நான்கு பட்டை வகையில் 33 கிலோவுக்கு ஆரஞ்சு-ஆரஞ்சு-ஆரஞ்சு, 330 ஓமுக்கு ஆரஞ்சு-ஆரஞ்சு-பிரவுன். மெட்டல் ஃபிலிமின் ஐந்து பட்டையில் குழப்பம் இன்னும் கூடும். ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் அளந்த பிறகே போர்டில் செருகுங்கள்.

டிரான்சிஸ்டரைப் பொறுக்குதல்

மல்டிமீட்டரில் எச்எஃப்ஈ, அதாவது டிரான்சிஸ்டர் மின்னோட்டத்தை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதை, அளக்கும் துளை இருக்கும். வாங்கிய எல்லாவற்றையும் அதில் செருகி, அளவை ஒரு தாளில் ஒட்டி வையுங்கள். குறைந்த எண் முதல் டிரான்சிஸ்டருக்கு (க்யூ1), கூடிய எண் இரண்டாவதற்கு (க்யூ2). பெயர் பி-யில் முடிபவை பொதுவாக 200-லிருந்து 450 வரை, சி-யில் முடிபவை அதற்கு மேலே 800 வரை. க்யூ1 200-ஐ ஒட்டியும் க்யூ2 300-ஐத் தாண்டியும் இருந்தால் கேட்க இதமாக இருக்கும். இரண்டுமே 600-க்கு மேல் என்றால் இரைச்சலும் கீச்சும் கூடும். ஊர் ரேடியோகூடக் கேட்கலாம்.

கால் வரிசையில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பிசி547-ன் தட்டை முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருந்தால், இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-க்கு இதுவே தலைகீழ்: எமிட்டர், பேஸ், கலெக்டர். கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று மாற்றிக் கொடுத்தால் வாங்கலாம், ஆனால் திருப்பிப் போடவேண்டும். உலோகத் தொப்பி போட்ட பிசி108-ல் சிறு நீட்டலுக்கு அருகில் இருப்பது எமிட்டர். அந்தத் தொப்பியே கலெக்டரோடு இணைந்தது என்பதால், பெட்டியையோ பக்கத்து டிரான்சிஸ்டரையோ தொடவிடக்கூடாது.

பிரெட்போர்டில் முதலில்

சால்டரிங் அயர்னைத் தொடும் முன் முழு சர்க்யூட்டையும் பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் செருகிப் பார்க்கும் பலகை) ஓடவிடுங்கள். இணைப்புகள் இவை.

1. இன்புட்டிலிருந்து 2.2 மைக்ரோ ஃபாரட் வழியாக க்யூ1-ன் பேஸ். கெப்பாசிட்டரின் பாசிட்டிவ் கால் பேஸ் பக்கம். இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு 2.2 மெகா ஓம். ஸ்விட்சை மிதிக்கும்போது "டப்" என்று சத்தம் வராமல் இருக்க இது.
2. க்யூ1-ன் எமிட்டர் நேராக கிரவுண்டுக்கு. கலெக்டரிலிருந்து 33 கிலோ ஓம் வழியாக 9 வோல்டுக்கு.
3. க்யூ1-ன் கலெக்டர், இடையில் எதுவும் இல்லாமல், க்யூ2-ன் பேஸுக்கு.
4. க்யூ2-ன் எமிட்டரிலிருந்து 100 கிலோ ஓம், க்யூ1-ன் பேஸுக்குத் திரும்பும். இதுதான் ஃபீட்பேக்.
5. க்யூ2-ன் எமிட்டர் ஃபஸ் கன்ட்ரோலின் ஒரு ஓரக் காலுக்கு. மறு ஓரம் கிரவுண்டு. நடுக் காலிலிருந்து 22 மைக்ரோ ஃபாரட் வழியாக கிரவுண்டு, பாசிட்டிவ் நடுக் கால் பக்கம்.
6. க்யூ2-ன் கலெக்டரிலிருந்து டிரிம்பாட், அதன் மறுமுனையிலிருந்து 330 ஓம், அங்கிருந்து 9 வோல்ட். டிரிம்பாட்டின் நடுக் காலையும் ஒரு ஓரக் காலையும் சேர்த்துவிட்டால் அது இரண்டு கால் ரெசிஸ்டர் ஆகிவிடும்.
7. டிரிம்பாட்டும் 330 ஓமும் சந்திக்கும் புள்ளியிலிருந்து 0.01 மைக்ரோ ஃபாரட் வழியாக வால்யூம் கன்ட்ரோலின் ஒரு ஓரம். மறு ஓரம் கிரவுண்டு, நடுக் கால் அவுட்புட்.

மூலச் சர்க்யூட்டில் டிரிம்பாட்டின் இடத்தில் நிரந்தரமாக 8.2 கிலோ ஓம் இருக்கும். அதை நாம் ஏன் மாற்றினோம் என்பது அடுத்த பகுதியில்.

பயாஸ்: பெடலின் உயிர் இங்கே

சிக்னல் இல்லாதபோது டிரான்சிஸ்டரை எந்த வோல்டேஜில் நிறுத்துகிறோம் என்பதுதான் பயாஸ். 9 வோல்ட் கொடுத்து, மல்டிமீட்டரின் கறுப்பு முனையை கிரவுண்டில் வைத்து, சிவப்பு முனையால் க்யூ2-ன் கலெக்டரைத் தொடுங்கள். 4.5 வோல்ட் வரும்வரை டிரிம்பாட்டைத் திருப்புங்கள்.

கணக்கு சுலபம். க்யூ1-ன் பேஸில் ஏறத்தாழ 0.6 வோல்ட். 100 கிலோ ஓமில் விழும் சிறு வோல்டேஜையும் சேர்த்தால் க்யூ2-ன் எமிட்டரில் 0.65 வோல்டை ஒட்டி நிற்கும். ஃபஸ் கன்ட்ரோல் 1 கிலோ ஓம், ஆகவே அதில் ஓடுவது 0.65 மில்லி ஆம்பியர். அதே மின்னோட்டம் 8.2 கிலோவிலும் 330 ஓமிலும் ஓடினால் 5.5 வோல்ட் விழுந்துவிடும், கலெக்டரில் மிஞ்சுவது 3.5. எச்எஃப்ஈ குறைந்த க்யூ1 என்றால் 3-க்கும் கீழே இறங்கும். அலையின் ஒரு பக்கம் சீக்கிரமே வெட்டுப்பட்டு ஒலி ஒட்டிப்போனதுபோல் ஆகிவிடும். டிரிம்பாட்டை 6.5 முதல் 7 கிலோ அளவுக்கு இறக்கினால் 4.5 கிடைக்கும்.

4.5 என்பது தொடக்கப் புள்ளி மட்டுமே. கிட்டாரைச் செருகி, ஒரு தந்தியை மீட்டி, ஒலி தானாக அடங்கும்வரை கேளுங்கள். 4.5-லிருந்து 5 வரை மென்மையாகத் தேய்ந்து மறையும். 7-ஐத் தாண்டும்போது வால்பகுதி பிசிறி, "புர்ர்" என்று அறுந்து நிற்கும். பேட்டரி தீரும் ஃபஸ் என்று சிலர் விரும்பிக் கேட்பது இந்த வகை ஒலியைத்தான். எது சரி என்று மீட்டர் சொல்லாது.

மற்ற அளவுகளையும் குறித்து வையுங்கள், பழுது பார்க்கும்போது உதவும்: க்யூ1-ன் கலெக்டர் 1.2 முதல் 1.4 வோல்ட், க்யூ2-ன் எமிட்டர் 0.6 முதல் 0.75.

மூல ஃபஸ் ஃபேஸில் அவுட்புட் சத்தம் குறைவு என்ற புகார் பழையது. காரணம் 330 ஓம்தான்: கலெக்டரில் வரும் சிக்னலில் நூற்றுக்கு நான்கு பங்கு மட்டுமே அந்தப் புள்ளியில் எடுக்கிறோம். அதை 1 கிலோ ஓமாக மாற்றினால் அவுட்புட் ஏறத்தாழ மூன்று மடங்கு. மாற்றிய பின் பயாஸை மறுபடி பாருங்கள். டிரம்ஸோடு மேடையில் வாசிப்பவருக்கு எங்கள் பரிந்துரை 1 கிலோதான். ஆம்பை உயிரோட்டமாகத் தள்ள அந்தச் சத்தம் வேண்டும்.

டாட் போர்டுக்கு மாற்றுதல்

ஒலி பிடித்த பிறகு பாகங்களை அதே வரிசையில் டாட் போர்டுக்கு மாற்றுங்கள். டிரான்சிஸ்டருக்கு சாக்கெட் வையுங்கள். சூட்டில் கெடாது, பின்னால் மாற்றியும் பார்க்கலாம். இன்புட் வயரும் அவுட்புட் வயரும் போர்டின் எதிரெதிர் ஓரங்களில் இருக்கட்டும். பக்கத்தில் ஓடினால் கீச்சிடும்.

மூலத்தில் இல்லாத மூன்று சேர்க்கைகளை இங்கே போடுகிறோம். 9 வோல்ட் பாசிட்டிவுக்கும் (பேட்டரி, அடாப்டர் இரண்டுக்கும் பொதுவான இடத்தில்) சர்க்யூட்டுக்கும் நடுவே 1என்5817 டயோடு, கோடு போட்ட முனை சர்க்யூட் பக்கம். யாராவது அடாப்டரைத் தலைகீழாகச் செருகினால் ஒன்றும் எரியாது, வோல்டேஜ் இழப்பும் மிகக் குறைவு. டயோடுக்கு அடுத்து 100 ஓம், அதற்கப்பால் கிரவுண்டுக்கு 100 மைக்ரோ ஃபாரட்; அடாப்டர் இரைச்சலை வடிகட்ட. க்யூ1-ன் பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவே 47 பிக்கோ ஃபாரட். ரேடியோவும் கீச்சும் வராமல் இருக்க. எச்எஃப்ஈ குறைந்த டிரான்சிஸ்டருக்கு இது தேவைப்படாமலும் போகலாம், போடும் முன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

ஸ்விட்சும் ஜாக்கும்

3பிடிடி-யில் ஒன்பது கால். மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்து, எந்த மூன்று கால் எப்போதும் ஒரு பக்கத்தோடு சேர்கின்றன என்று பாருங்கள். அவைதான் நடு வரிசை. மேல் வரிசைக்கு 1, 2, 3. நடுவுக்கு 4, 5, 6. கீழே 7, 8, 9 என்று எண் போடுங்கள். ஒரு மிதியில் 4-1, 5-2, 6-3 சேரவேண்டும், மறு மிதியில் 4-7, 5-8, 6-9. அப்படி இல்லையென்றால் ஸ்விட்சைக் கால் வட்டம் திருப்பி எண்ணுங்கள்.

4-க்கு இன்புட் ஜாக். 6-க்கு அவுட்புட் ஜாக். 1-லிருந்து போர்டின் இன்புட், 3-லிருந்து போர்டின் அவுட்புட். 7-ஐயும் 9-ஐயும் ஒரு துண்டு வயரால் சேருங்கள். பெடல் அணைந்திருக்கும்போது கிட்டார் இந்த வழியே போகும். 2-க்கு கிரவுண்டு. எல்இடியின் குட்டைக் கால் 5-க்கு, நெட்டைக் கால் 4.7 கிலோ ஓம் வழியாக 9 வோல்டுக்கு. 8 சும்மா இருக்கும்.

பேட்டரியின் கறுப்பு வயரை ஸ்டீரியோ இன்புட் ஜாக்கின் நடு வளையக் காலில் பற்றவையுங்கள். சாதாரண மோனோ கேபிள் செருகும்போது மட்டும் அது கிரவுண்டைத் தொட்டு பெடல் ஓடும். கேபிளை உருவினால் பேட்டரி மிஞ்சும். சிவப்பு வயர் டிசி ஜாக்கின் ஸ்விட்ச் காலுக்கு, அடாப்டர் செருகினால் பேட்டரி தானாகத் துண்டிக்கப்படும். அடாப்டரின் நெகட்டிவ் நேராக கிரவுண்டுக்கு. பேட்டரியை மிச்சப்படுத்த நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: சர்க்யூட் முழுவதும் குடிப்பது 1 மில்லி ஆம்பியருக்குள், அந்தச் சிறிய சிவப்பு விளக்கு மட்டும் 1.5.

பெட்டி 112 x 60 x 31 மில்லிமீட்டர் 1590பி என்றால் பேட்டரியை உள்ளே நுழைப்பது சிரமம். பேட்டரி வேண்டுமென்றால் சற்றுப் பெரிய பெட்டி. துளை அளவுகள்: ஃபுட் ஸ்விட்ச், டிசி ஜாக் 12 மில்லிமீட்டர், ஆடியோ ஜாக் 10, கன்ட்ரோல் 7, எல்இடி 5. கையில் உள்ள பாகத்தை ஸ்கேலால் அளந்த பிறகே துளை போடுங்கள். முதலில் 3 மில்லிமீட்டர், பிறகு படிப்படியாகப் பெரிதாக்குங்கள்.

ஓடவில்லை என்றால்

அணைந்த நிலையிலும் சத்தம் இல்லையென்றால் போர்டைத் தொடவேண்டாம். பிழை ஸ்விட்சிலோ ஜாக்கிலோ. இன்புட் ஜாக்கில் நுனிக் காலையும் வளையக் காலையும் மாற்றிப் பற்றவைத்திருப்பது வழக்கமான தவறு.

அணைத்தால் சத்தம் வருகிறது, போட்டால் ஊமை என்றால் வோல்டேஜை அளக்கவும். க்யூ2-ன் கலெக்டரும் எமிட்டரும் இரண்டும் 1 வோல்டை ஒட்டி நின்றால் க்யூ1 வேலை செய்யவில்லை என்று பொருள்: 100 கிலோ ஓம் சரியாகப் பற்றவில்லை, அல்லது க்யூ1-ன் பேஸ் கிரவுண்டைத் தொடுகிறது. க்யூ2-ன் கலெக்டரில் 9 வோல்ட் அப்படியே நின்றால் க்யூ2 மூடியிருக்கிறது: அதன் கால் வரிசை தவறு, அல்லது க்யூ1-ன் கலெக்டரில் ஈயம் வழிந்து கிரவுண்டோடு சேர்ந்திருக்கிறது. பயாஸ் நிலைகொள்ளாமல் ஏறி இறங்கினால் 2.2 மைக்ரோ ஃபாரட்டைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். தலைகீழ் எலக்ட்ரோலிட்டிக் கசியும்.

ஃபஸ் கன்ட்ரோல் கடைசிக் கால்பகுதியில் மட்டும் வேலை செய்வது பழுது அல்ல, லீனியர் கன்ட்ரோலின் இயல்பு. ரிவர்ஸ் லாக் கிடைத்தால் போட்டுப் பாருங்கள். கன்ட்ரோலைத் திருப்பும்போது கரகரவென்றால் 22 மைக்ரோ ஃபாரட் கசிகிறதா என்று பாருங்கள்.

அடாப்டரில் மட்டும் இரைச்சல், பேட்டரியில் இல்லை என்றால் குற்றவாளி அடாப்டர். பெடலுக்கென்று விற்கும் 9 வோல்ட் அடாப்டரை வாங்குங்கள்.

எதற்கு முன், எதற்குப் பின்

ஃபஸ் ஃபேஸின் இன்புட் இம்பிடன்ஸ், அதாவது உள்ளே வரும் சிக்னலுக்கு அது காட்டும் தடை, சில ஆயிரம் ஓம்தான். கிட்டார் பிக்கப்பின் சுருளும், கிட்டாரில் இருக்கும் வால்யூம் கன்ட்ரோலும் இந்தச் சர்க்யூட்டின் பாகமாகவே மாறிவிடுகின்றன. அதனால்தான் கிட்டார் வால்யூமை 10-லிருந்து 7-க்கு இறக்கினால் ஃபஸ் கரைந்து, கண்ணாடி போன்ற தெளிந்த ஒலி வருகிறது. ஹென்ட்ரிக்ஸ் ஒரே பாட்டுக்குள் மெல்லிய கார்டிலிருந்து அலறலுக்குப் போனதில் பாதி வேலை கிட்டார் நாபில் நடந்தது.

நடுவில் ஒரு பஃபர் (சிக்னலை வலுப்படுத்தி, முன்னால் இருப்பதைப் பின்னால் இருப்பதிலிருந்து பிரிக்கும் சர்க்யூட்) வந்தால் இந்த உறவு அறுந்துபோகும். பஃபர் உள்ள டியூனர், வயர்லெஸ், பாஸ் (Boss) நிறுவனப் பெடல்கள் எதுவும் ஃபஸ்ஸுக்கு முன்னால் வரக்கூடாது. வந்தால் ஒலி மெலிந்து கூச்சலிடும், வால்யூமை இறக்கினாலும் தெளியாது. ஆக்டிவ் பிக்கப் வைத்திருப்பவருக்கும் இதே சிக்கல். இன்புட்டில் 22 முதல் 47 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டால் கூர்மை அடங்கும், கெயினும் கொஞ்சம் குறையும்.

மிதித்து அசைக்கும்போது ஒலி "வா-வா" என்று மாறும் வா பெடல் ஒரு தனிப் பஞ்சாயத்து. 1969 வுட்ஸ்டாக்கில் ஹென்ட்ரிக்ஸ் வாசித்த வரிசை: வா, ஃபஸ் ஃபேஸ், யூனி-வைப் (ஒலியைச் சுழல்வதுபோல் அலையவிடும் பெடல்), மார்ஷல் ஆம்ப். ஆனால் பெரும்பாலான வா பெடல்கள் ஃபஸ் ஃபேஸின் குறைந்த இம்பிடன்ஸைத் தாங்காது. மிதித்தால் வா அசைவே கேட்காது, அல்லது ஊளையிடும். வா-வின் அவுட்புட்டில் மட்டும் பஃபர் சேர்த்தால் வா சரியாகும்; வா அணைந்திருக்கும்போது அந்த பஃபர் வழியிலிருந்து விலகும்படி ஸ்விட்ச் அமைந்திருக்கவேண்டும். அதுவும் தொல்லை என்றால் ஃபஸ்ஸை முன்னால் வைத்து வா-வைப் பின்னால் தள்ளுங்கள். அலை அகலமாக, சற்று மூர்க்கமாக இருக்கும், ஆனால் நிச்சயம் வேலை செய்யும்.

ஆம்பை மிகச் சுத்தமாக வைத்தால் சிலிக்கான் ஃபஸ் ஈப்போல் ரீங்கரிக்கும். ஆம்பின் ஒலி உடையத் தொடங்கும் இடத்தில் வைத்து, ஃபஸ்ஸை ஏறத்தாழ முழுதாகத் திருகி, கூர்மையைக் கிட்டாரில் குறையுங்கள். சிறிய டிரான்சிஸ்டர் ஆம்போ ஹெட்ஃபோனோ மட்டுமே இருந்தால், ஃபஸ்ஸுக்குப் பின்னால் ஒரு ஓவர்டிரைவைக் குறைந்த கெயினில் போட்டுவையுங்கள். கில்மோரும் 1970-களில் கலர்சவுண்ட் பவர் பூஸ்ட் என்ற ஓவர்டிரைவ் பெடலை வைத்திருந்தார்.

ஜெர்மானியத்துக்குப் போகிறவர்களுக்கு

முதல் ஃபஸ் ஃபேஸ்களில் இருந்தவை என்கேடி275 என்ற பிஎன்பி ஜெர்மானியம். இன்று அந்தப் பெயரில் விற்பவற்றில் போலிகள் நிறைய. ஏசி128 தேடுவது மேல். சர்க்யூட் அதேதான், ஆனால் பிஎன்பி என்பதால் கிரவுண்டு பாசிட்டிவ், எல்லா எலக்ட்ரோலிட்டிக்கும் டயோடும் தலைகீழ், 330-க்குப் பதில் 470 ஓம், க்யூ2-ன் கலெக்டரில் மைனஸ் 4.5 வோல்ட். மற்ற பெடல்களோடு ஒரே டெய்சி-செயின் அடாப்டரில் (ஒரே வயரில் பல பெடலுக்குக் கிளை பிரியும் அடாப்டர்) செருகினால் ஷார்ட் ஆகும். பேட்டரி அல்லது தனி அடாப்டர் மட்டும்.

எச்எஃப்ஈ க்யூ1-க்கு 70-80, க்யூ2-க்கு 110-130 என்பது பலரும் ஏற்ற அளவு. மல்டிமீட்டர் காட்டும் எண்ணை அப்படியே நம்பமுடியாது, கசிவு மின்னோட்டமும் அதில் சேர்ந்து எண்ணை ஊதிக்காட்டும். பேஸைத் தொங்கவிட்டு, எமிட்டருக்கு பாசிட்டிவ், கலெக்டரிலிருந்து 2.4 கிலோ ஓம் வழியாக நெகட்டிவ் என 9 வோல்ட் கொடுத்து, அந்த ரெசிஸ்டரில் விழும் வோல்டேஜை அளங்கள். 0.5 வோல்ட் என்றால் கசிவு 200 மைக்ரோ ஆம்பியர், அதுவரை சரி. 0.7-க்கு மேல் போவதை ஒதுக்குங்கள். விரலால் பிடித்து அளக்காதீர்கள், கைச்சூட்டிலேயே எண் ஏறும்.

ஏசி அறையில் 4.5-ல் நிறுத்திய பெடல் மே மாதத்துத் திறந்தவெளி மேடையில் வேறு வோல்டேஜுக்கு நகர்ந்திருக்கும். பயாஸ் டிரிம்பாட்டைப் பெட்டிக்கு வெளியே ஒரு குட்டி நாபாகக் கொண்டுவந்துவிடுங்கள். சவுண்ட் செக்கில் காதால் கேட்டு ஒரு நூல் திருப்பினால் போதும்.